அழுத்தக்காரி

மகனே,

நலம் கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கவில்லை. கப்பல் ஏறுவதற்கு டாக்டர் பரிசோதித்து அனுப்பிய உடம்பு நன்றாகத்தான் இருக்கும். நீ கொடுத்த பம்பாய்க் கப்பல் கம்பெனி விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். உறையை ஒட்டப்போவதில்லை. வழியில் யார் எடுத்து வாசித்தாலும் எனக்குக் கவலை இல்லை. உன்னோடு வேலை செய்கிறவர்கள் வாசித்தால் இன்னும் நல்லது.

பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாத உன் மனைவியை நீ என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று நான் உன்னிடம் ஒன்றும் பேசவில்லை. அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். ரயிலிலிருந்து இறக்கி நீ நடத்திவந்த அதே நிலையில், ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக செலின் நின்றுகொண்டிருந்தாள். நீ அவள் வலது கையைப் பிடித்துத் தோளுக்கு மேலே தூக்கினாய். பிறகு உன் கையை எடுத்துக்கொண்டாய். அவள் கை அங்கேயே நின்றது. "பாத்தீகளாம்மா? எப்படி வச்சாலும் அப்படியே நிக்கிறா. என்னா நடிப்பு!" என்று சிரித்தாய். அப்புறம் அவள் மேல்கையில் கிள்ளினாய். அவள் கண் சிமிட்டியது. "வலிக்கிதுல்ல? அப்ப எல்லாம் தெரியிது. ரெண்டு நாளு சோறு போடாம விடுங்க, தானா வாயத் தொறப்பா" என்றாய். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, திரும்புகிற ரயிலைப் பிடிக்க ஓடினாய். தூக்கிய கையை இறக்கிவிட வேண்டும் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. நான்தான் இறக்கினேன்.

அதன் பிறகு தூத்துக்குடியிலிருந்து உன் கடிதம் வந்தது. அவள் அப்பா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார், பிள்ளை பெற்றதிலிருந்து வாயைத் திறப்பதில்லை, கேட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறாள், சரியான அழுத்தக்காரி, கண்டுகொள்ளாமல் விட்டால் வழிக்கு வருவாள் என்று எழுதியிருக்கிறாய். முடிவில் ஒரு வரி: "பிள்ளையைப் பார்க்க உங்களால் முடியாவிட்டால் அத்தையிடம் கொடுத்துவிடுங்கள், பிள்ளை வளர்ப்பது அவருக்குத் தெரியும்." அந்த வரியை வாசித்துவிட்டுத்தான் உனக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன். உன் அய்யாவின் அக்கா, அந்த அத்தை, எப்படிப் பிள்ளை வளர்ப்பாள் என்பது உனக்குத் தெரியாது. நம் வீட்டில் அதை உனக்கு யாரும் சொன்னதில்லை.

நான் எழுதுகிற ஒவ்வொரு பக்கத்தையும் செலினுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குக் கேட்கிறது என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

அழுத்தக்காரி என்ற சொல்லை நீ இப்போது புதிதாகச் சொல்லவில்லை. மூன்று வயதில் இதே பாம்பனில், கருவாட்டுக் களத்தின் ஓரத்தில் நின்று, என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாய். உன் அத்தை சொல்லிக் கொடுத்தாள், நீ சொன்னாய். மழலையில் ழகரம் வராமல் 'அலுத்தக்காரி' என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

உனக்கு ஒரு தங்கை பிறந்து இறந்தாள் என்றும், அந்தத் துக்கத்தில் அம்மா கொஞ்ச நாள் சுகமில்லாமல் இருந்தாள் என்றும் சொல்லி உன்னை வளர்த்திருக்கிறார்கள். நானும் மறுத்துச் சொன்னதில்லை. நடந்தது அப்படியே தலைகீழ். முதலில் எனக்குத்தான் சுகமில்லாமல் போனது. அதற்குப் பிறகுதான் உன் தங்கை செத்தாள்.

அவள் பிறந்தபோது ஒரு குறையும் இல்லை. பிரசவமும் லேசுதான். சில நாள் கழித்து எனக்குத் தூக்கம் போனது. அப்புறம் ஒரு காலையில் கிணற்றடியில் வாளியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். வாளியைக் கீழே வைக்க வேண்டும் என்று நினைத்தேன். வைத்தால் ஏதோ பெரிய கேடு நடந்துவிடும் என்று ஒரு பயம் வந்தது. என்ன கேடு என்று எனக்கே தெரியாது. அந்தப் பயம் பிறகு போய்விட்டது, ஆனால் கை வரவில்லை. கையைத் தூக்கு என்று எனக்குள் நானே சொல்வேன். சொன்னவள் நான். கேட்க வேண்டிய கையும் என்னுடையது. சொன்னது அங்கே போய்ச் சேரவில்லை. வாயும் அப்படியே. சோற்றை ஊட்டினால் வாயிலேயே இருக்கும். விழுங்கு என்று எனக்கு நான் சொல்லிச் சொல்லி, எப்போதோ ஒரு வாய் இறங்கும். காது மட்டும் முன்னைவிடக் கூர்மையாக இருந்தது. கடற்கரையில் ஆட்கள் ஏலம் கேட்கிற சத்தம் வீட்டுக்குள் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. வீட்டுக்குள் பேசியதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

பேய் என்றார்கள். பங்குச் சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்து, செபம் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அவர் சொன்னதை உன் அய்யா கேட்கவில்லை. அதற்குள் உன் அத்தை வந்து வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். உன் அய்யாவுக்கு மூத்தவள், புருசனை இழந்தவள், அவள் பேச்சுக்கு மறுபேச்சு அந்த வீட்டில் கிடையாது. வந்த அன்றே பிள்ளையை என்னிடமிருந்து தூக்கிவிட்டாள். "பைத்தியத்துப் பாலக் குடிச்சா பிள்ளைக்கும் பிடிக்கும்" என்றாள். பிள்ளை உள்ளறையில் கத்தும். எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்து, சேலை நனைந்து, மடியில் சொட்டும். ஈ மொய்க்கும். யாராவது என் கையைப் பிடித்து மடியில் வைத்து, அதில் பிள்ளையை வைத்திருந்தால் அது குடித்திருக்கும். என் கை வைத்த இடத்தில் நிற்கும் அல்லவா? பிள்ளை ஏந்த அதைவிட நல்ல கை உண்டா? ஆனால் ஒருவரும் வைக்கவில்லை. உன் அத்தை கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்து அதன் வாயில் பிழிந்துகொண்டிருந்தாள்.

என் முன்னாலேயே பேசினார்கள். ஒரு மத்தியானம் உன் அய்யா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தூணருகில் நின்றிருந்தேன். உன் அத்தை கேட்டாள்: "இப்படியே எத்தன நாளைக்கித்தான் வச்சுக் கும்பிடப் போற?" உன் அய்யா சொன்னார்: "என்னக்கா செய்யச் சொல்ற? இவ உசுரோட இருக்குறவரைக்கும் கோயில்ல எனக்கு இன்னொரு தரம் கல்யாண ஓலை வாசிப்பாகளா?" உன் அத்தை சொன்னாள்: "சோறுதான் எறங்க மாட்டேங்குதே. எத்தன நாளைக்கித் தாங்கும்? பொறு." உன் அய்யா மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். மறு சோறு கேட்டார்.

அக்கம்பக்கத்தார் வாய்க்குப் பயந்துதான் என்னை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனார்கள். பர்மா சண்டையில் இருந்து திரும்பிய டாக்டர் ஒருவர் அங்கே வைத்தியம் பார்த்துவந்தார். பட்டாளத்து டாக்டர் என்பார்கள். அவர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். என் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். நின்றதும் உடனே பிடித்து இறக்கி மடியில் வைத்தார். பிறகு படுக்கவைத்து, தூக்க மருந்து ஒன்றை ஊசியில் ஏற்றி, நரம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினார். என் பெயரைக் கேட்டார். இரண்டாவது தடவை கேட்டபோது, என் பெயரை என் வாய் சொல்வதை நான் கேட்டேன்.

அதன் பிறகு பேசினேன். மகனே, அவ்வளவு வேகமாக நான் வாழ்நாளில் பேசியதில்லை. "பால் கட்டி வலிக்கிது. பிள்ள எங்க? பிள்ளயக் கொண்டாங்க. கஞ்சித் தண்ணி வேணாம்னு சொல்லுங்க, பிள்ளைக்கு வயித்தால போகுது, நான் கேட்டுக்கிட்டேதான இருக்கேன்" என்றேன். பிள்ளை பாம்பனில் பக்கத்து வீட்டில் கிடந்தது. டாக்டர் உன் அத்தை பக்கம் திரும்பி, "பச்சப்பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணியா குடுக்கிறீங்க? அம்மா பாலு நல்ல பாலுதான். பீச்சியாவது குடுங்க" என்றார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். மருந்து நிறுத்தவிடவில்லை. உன் அய்யாவைப் பார்த்துச் சொன்னேன்: "நான் செத்தாத்தான் ஓலை வாசிப்பாகன்னு சொன்னீகள்ல? இவ எத்தன நாளைக்கித் தாங்குவான்னு மதினி சொன்னாகள்ல? நீங்க மறு சோறு கேட்டீகள்ல?"

உன் அய்யாவின் முகம் செத்துப்போனது. கொஞ்ச நேரத்தில் என் நாக்கு கனத்தது. ஒரு பேச்சின் பாதியில் வாய் நின்றுவிட்டது. இன்னும் எவ்வளவோ சொல்ல இருந்தது.

டாக்டர் அவர்களை உட்காரவைத்துப் பேசினார். நான் படுத்தபடி கேட்டேன். "இதுக்கு வைத்தியத்துல ஒரு பேரு இருக்கு. கேட்டடோனியா. கிரேக்க வார்த்தை. 'கட்டா'ன்னா கீழ, 'டோனோஸ்'னா இழுத்துக் கட்டின கயித்தோட விறைப்பு. ஒரு ஜெர்மன் டாக்டர் வச்ச பேரு. அதுக்கு முன்னால இப்படி நின்னவங்கள எல்லாம் பேய்ன்னாங்க. பொம்பளையா இருந்தா கர்ப்பப்பை எடம் மாறிப்போச்சுன்னாங்க. அவருதான் பக்கத்துலயே இருந்து பாத்துட்டு, இது மனசுல வர்ற நோய், ஆனா தசையில வந்து பூட்டிக்கிதுன்னு எழுதினாரு."

உன் அய்யா படகுக்காரர் அல்லவா, கயிறு என்றதும் நிமிர்ந்தார். "பாய்க்கயிறு நனைஞ்சு முறுக்கேறிப் போன மாதிரியா?"

"அதேதான். பாய் கிழியல, கயிறு அறுகல. முடிச்சு அவுக்க வரல, அவ்வளவுதான். நாளைக்கும் கூட்டிட்டு வாங்க. நாலஞ்சு தடவை ஊசி போட்டா அவுந்தாலும் அவுரும். இல்லாட்டி மதுரையில தலையில கரண்டு வச்சுப் பாக்கலாம்."

"டாக்டரய்யா, ஒண்ணு கேக்கேன். அவளுக்குக் காது கேட்டிருக்கு. பேசினது அத்தனையும் மனசுல இருந்திருக்கு. எல்லாந் தெரிஞ்சவளுக்குக் கைய எறக்க மட்டும் ஏலாதா?"

"ஏலாது. அதுதான் நோயே. பர்மாவுல ஒருத்தன், லாரி எரியிறதப் பாத்து மழையில அப்படியே நின்னான். தூக்கிட்டு வந்து இதே ஊசியப் போட்டேன். யார் யாரு அவனத் திட்டினாங்க, யாரு எட்டி ஒதச்சாங்கன்னு ஒண்ணுவிடாமச் சொன்னான். அவன் நடிச்சானா?"

உன் அத்தை எழுந்துவிட்டாள். "பட்டாளத்துக்காரன் கதை நமக்கெதுக்கு? நாந்தான் அப்பவே சொன்னேன்ல. அம்புட்டையும் கேட்டுக்கிட்டுக் கல்லு மாதிரி நின்னிருக்கா. அழுத்தக்காரி!"

இதை நீ ஒன்றுக்கு இரண்டு தடவை வாசிக்க வேண்டும். என் மனம் விழித்திருக்கிறது என்று காட்டத்தான் அந்த டாக்டர் ஊசி போட்டார். மனம் விழித்திருப்பது தெரிந்ததும், அப்படியானால் அசையாதது திமிர் என்று முடிவுகட்டிவிட்டார்கள். நான் வாயே திறக்காமல் இருந்திருந்தால் நோயாளியாகவாவது என்னை விட்டிருப்பார்கள். பேசியதால் குற்றவாளி ஆனேன். அப்புறம் ராமநாதபுரத்துக்கு என்னைக் கூட்டிப்போகவே இல்லை. நீ செலினைக் கிள்ளி, கண் சிமிட்டியதும், "அப்ப எல்லாம் தெரியிது" என்றாயே, அங்கே நின்று பேசியது உன் அய்யாதான்.

வீட்டுக்கு வந்ததும் என் நடிப்பை முறிக்க வழி தேடினார்கள். கையைத் தூக்கிவிட்டு, வலித்தால் தானாக இறக்குவாள் என்று விட்டுவிட்டுப் போவார்கள். வலிக்கும். இறக்க வராது. பிறகு உன் அத்தைக்கு ஒரு யோசனை வந்தது. நெத்திலிக் காலம். வீட்டையொட்டிய களத்தில் கருவாடு விரித்துக் கிடந்தது. காக்கை விரட்ட ஓர் ஆள் வேண்டும். "சும்மா நிக்கிறவ அங்கன போயி நிக்கட்டும்" என்றாள். என்னை நடத்திக்கொண்டுபோய்க் களத்தின் நடுவில் நிறுத்தி, கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஒரு கம்பைப் பிடிக்கவைத்தாள். உன் அய்யா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்திப் பார்த்தார். திரும்பவும் வலையைப் பிரித்தார்.

முதல் நாள் காக்கை வரவில்லை. மறுநாள் களத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தன. பிறகு அவற்றுக்கு விளங்கிவிட்டது. ஒன்று என் தோளில் உட்கார்ந்து, என் கண்ணுக்குப் பக்கத்தில் அலகைத் துடைத்தது. ஊரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் உச்சுக் கொட்டினார்கள். சிலர் என் இன்னொரு கையையும் தூக்கிவிட்டுப் பார்த்தார்கள். நீ வருவாய். எனக்கு எதிரில் என்னைப் போலவே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாய். உனக்கு அது விளையாட்டு. கை வலித்ததும் இறக்கிவிட்டு ஓடிவிடுவாய். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, மூன்று வயது. இப்போது உனக்கு மூன்று வயது இல்லை.

அந்தக் களத்தில் நின்றபடிதான் என் மகள் செத்ததைக் கேட்டேன். வீட்டுக்குள் அவள் அழுகை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு காலையில் கேட்கவில்லை. உன் அத்தை அவசரமாகத் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி லூர்து என்று பெயர் வைத்தாள், அதையும் கேட்டேன். மத்தியானத்துக்குள் பெட்டி வந்தது. ஒரு ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற அளவுப் பெட்டி. வெயில் நன்றாக அடித்தது, கருவாடு காய்ந்துகொண்டிருந்தது, அதனால் என்னை அங்கிருந்து நகர்த்தவில்லை. பெட்டி என்னைக் கடந்து போனது. பின்னால் வந்த ஒருத்தி சொன்னாள்: "பெத்தவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு." கண்ணீரும் ஓர் அசைவுதான் என்று அவளுக்கு யார் சொல்வது?

என் அண்ணன், உன் மாமா, அப்போது கொழும்பில் கடை வைத்திருந்தார். பிள்ளை இறந்த செய்தி கேட்டுக் கப்பலேறி வந்தார். நேரே களத்துக்குத்தான் வந்தார். என் கையிலிருந்த கம்பை எடுத்துக் கீழே போட்டார். கையை இரண்டு கையாலும் தாங்கி மெல்ல இறக்கினார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரயிலடிக்கு நடந்தார். பின்னாலேயே உன் அய்யா ஓடிவந்து, "மச்சான், இதக் கேளுங்க" என்றார். அண்ணன் திரும்பவில்லை.

மதுரையில் கரண்டு வைத்தார்கள். இப்போதுபோல மயக்கிவிட்டு வைப்பதில்லை. நாலு பேர் கை காலைப் பிடித்துக்கொள்வார்கள், வாயில் துணியைத் திணிப்பார்கள். அதன் கொடுமையை எழுதப்போவதில்லை, அது என்னை மீட்டது. மூன்றாவது தடவைக்குப் பிறகு நானே எழுந்து தண்ணீர் குடித்தேன். நினைவில் கொஞ்சம் அழியும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அழிந்தது. உன் தங்கையின் முகம் அழிந்துபோனது. எவ்வளவு முயன்றும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. தூணருகே அவர்கள் பேசிய பேச்சில் ஒரு எழுத்துக்கூட அழியவில்லை. காக்கையின் அலகு அழியவில்லை.

ராமநாதபுரத்துக்குப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். என் நோயின் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். அப்போது இன்னொன்றும் சொன்னார். அந்தப் பெயரை வைத்த ஜெர்மன்காரர், இது வரும், போகும், தீரக்கூடியது என்றுதான் எழுதினாராம். பின்னால் வந்த பெரிய டாக்டர்கள் இதை எடுத்து, மனம் பிளந்துபோகிற பெரிய நோய் ஒன்றுக்குள் போட்டுவிட்டார்களாம். அதிலிருந்து, இப்படி நிற்கிறவர்களைக் கண்டாலே இனித் திரும்பமாட்டார்கள் என்று ஆஸ்பத்திரிச் சுவரோரமாக வரிசையாக நிறுத்திவைத்து மறந்துவிடுவார்களாம். "பேரு மாறினா ஆளோட விதியும் மாறிப்போகும்மா" என்றார். அவர் சொன்னது படித்தவர்கள் வைத்த பெயரைப் பற்றி. எனக்கு வீட்டில் வைத்த பெயரையும் அவர் அன்று காதால் கேட்டிருந்தார்.

ஏன் திரும்பி உன் அய்யாவிடம் போனேன் என்று கேட்பாய். உன் அத்தையின் கையில் இன்னொரு பிள்ளை இருந்ததே, அதற்காகத்தான். நான் வந்து வாசலில் நின்றதும் அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு தங்கச்சிமடத்துக்கு மகள் வீட்டுக்குப் போனாள். உன் அய்யா ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சோறு ஆக்கினேன், துணி துவைத்தேன், உன்னைப் படிக்கவைத்தேன்.

பெரிய புயலுக்கு முந்தின வருஷம் அவருக்கு வாதம் வந்து விழுந்தார் அல்லவா? நீ தூத்துக்குடியில் படித்துக்கொண்டிருந்தாய். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. அவரைப் பார்த்துக்கொண்டதற்காக ஊரே என்னைப் புகழ்ந்தது. நீயும் சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் என் காலைத் தொட்டாய். புண் வராமல் புரட்டிப் போட்டேன், பீ மூத்திரம் அள்ளினேன், கஞ்சி ஊட்டினேன். இவ்வளவும் உண்மைதான். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கஞ்சி ஊட்டி முடித்ததும், தினமும், அவர் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தூணருகே அவர்கள் பேசியதை அப்படியே சொல்வேன். அவர் அக்கா சொன்னதை அக்கா குரலில், அவர் சொன்னதை அவர் குரலில். மறு சோறு கேட்டதுவரை சொல்வேன். அவருக்குக் கண்ணீர் ஓடும். வாதம் வந்தாலும் கண்ணீர் நிற்பதில்லை. காதுக்குள் இறங்குகிற கண்ணீரை முந்தானையால் துடைத்துவிட்டு, நாளைக்கு வருவேன் என்பேன். கடைசி வரைக்கும் ஒருநாள் தவறவில்லை. இதைத் தவறு என்று நினைத்து உன்னிடம் சொல்லவில்லை. எதிரில் கிடப்பவருக்குக் காது கேட்கிறது என்பதை நான் மறக்கவில்லை, அவ்வளவுதான். அவர் மறந்திருந்தார்.

இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன். இப்போது மீதியை எழுதுகிறேன்.

நீ போன அன்றே செலினைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, அவள் கைகளை மடியில் கூட்டி, பிள்ளையை அதில் வைத்தேன். பிள்ளை தானாகத் தேடிப் பிடித்துக் குடித்தது. அவள் கை ஒரு விரல்கூடத் தளரவில்லை. பாலத்துக்கு அக்கரையில் மண்டபம் ஊரிலிருந்து அவள் அப்பாவை வரவழைத்தேன். அவர் வந்து மகளைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அழுகையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், இங்கே அவளுக்குக் கேட்கும் என்றேன். மூன்று பேரும் பிள்ளையோடு மதுரைக்குப் போனோம். கையெழுத்து அவர் போட்டார். புருசன் கையெழுத்து எங்கே என்று கேட்டார்கள், கப்பலில் என்றேன். இப்போது மயக்கிவிட்டுத்தான் கரண்டு வைக்கிறார்கள். ஒரு காலை நான் உள்ளே போனபோது, பிள்ளையை ஏன் வெயிலில் வைத்திருக்கிறீர்கள் என்று செலின் என்னை அதட்டினாள். அதுதான் அவள் முதல் பேச்சு.

நேற்றுப் பாம்பனுக்குத் திரும்பினோம். அவளுக்கும் நினைவு அழிந்திருக்கிறது. பிரசவம் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த நாள்கள் ஒன்றுமே இல்லை. நீ பேசியது எதுவும் இல்லை. நான் வாசித்துக் காட்டிய இந்தக் கடிதமும் இல்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "மாமி, என்னய இங்கன கொண்டாந்து விட்டது யாரு, அவுகளா?"

"ஆமா."

"ரொம்பப் பயந்துட்டாகளா? என்னய நல்லா வச்சுக்கிட்டாகளா?"

அவள் அப்பா எனக்குக் கண்ணால் சாடை காட்டினார். போனது போகட்டும், சொல்லிவிடாதே என்ற சாடை. உனக்கு எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம், பார். எனக்கு அழியாதது எல்லாம் அவளுக்கு அழிந்திருந்தது. நான் ஒரு பொய் சொல்லியிருந்தால், நீ ஊர் திரும்பும்போது புதுச் சேலையோடு வாசலில் நின்று உன்னைக் கும்பிட்டிருப்பாள்.

நான் பொய் சொல்லவில்லை. கையைத் தூக்கி விட்டதைச் சொன்னேன், சிரித்ததைச் சொன்னேன், கிள்ளிய இடத்தைக் காட்டினேன்; மஞ்சளாக இன்னும் தடம் இருக்கிறது. உன் கடிதத்தையும் அவள் கையில் கொடுத்தேன். அவள் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். செலின் வாசித்தாள். அத்தையிடம் கொடுத்துவிடுங்கள் என்ற வரியில் நின்று, அது யார் என்று கேட்டாள். பிறகு நான் எழுதிவைத்திருந்த இந்தப் பக்கங்களை எல்லாம் கேட்டு வாங்கி, முதலிலிருந்து வாசித்தாள். நடுவில் பிள்ளை அழுதது. மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு மீதியை வாசித்தாள்.

"மாமி, நீங்க திரும்பிப் போயிருக்கக் கூடாது" என்றாள்.

பக்கங்களை அவள் கையிலிருந்து வாங்கி அடுக்கினேன்.

உனக்கு அவள் ஏதாவது எழுத வேண்டுமா என்று அவளைக் கேட்டேன். பிள்ளை மடியில் கிடக்கிறது, நீங்களே எழுதுங்கள் என்றாள். அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன். "நான் எங்கய்யா வீட்டுக்குப் போறேன். பிள்ளையும் என்கூட வருது. என் பிள்ளைக்கு என்ன பேரு வைக்கணும்னு அவுகளக் கேக்கப்போறதில்ல. அவுக சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லன்னு எழுதுங்க. அதனால, மண்டபத்துக்கு வந்து, எங்கய்யாவுக்கு முன்னால, என் முகத்தப் பாத்து, அம்புட்டையும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்க. அதுக்குத் தைரியம் இருந்தா வரட்டும். இல்லாட்டி வர வேண்டாம்."

காலை ரயிலுக்குப் போகிறார்கள். ரயிலடிவரை பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு போகிறேன். அங்கிருக்கிற தபால் பெட்டியில்தான் இதைப் போடுவேன்.

உன் அம்மா